பழுதென்று ஐயப்படும் பொருளைத் தானம் செய்யலாமா?

(வெள்ளிக்கிழமைப் பூசையின் பின்னர் அடியார்கள் முன் நிகழ்த்திய பிரசங்கத்தின் எழுத்துவடிவம்)

சிவமயம்



இன்றைக்குக் கடோபநிடதத்தின் தொடக்கத்தைப் பற்றிப் பேசுவதாகச் சென்ற வாரம் சொல்லியிருந்தேன். அதைத்தான் பேசப் போகிறேன். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்கு முன் ஒரு டீசல் ட்ரக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிரிக்கிறீர்கள். உபநிடதத்துக்கும் டீசலுக்கும் என்ன தொடர்பு என்று நினைக்கிறீர்கள். சென்ற மாசி மாதம் வரைக்கும் எனக்கும் தெரியாது.

நம் கோயிலுக்குத் தவறாமல் வருகின்ற அன்பர் ஒருவர். "கதையைச் சொல்லுங்கோ, பேரை மட்டும் விட்டிடுங்கோ" என்று அனுமதி தந்திருக்கிறார். மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தீபாராதனை முடிந்து, பிரசாதமும் வாங்கிக்கொண்டு, பாதணிகள் வைக்கும் இடத்தில் எனக்காகக் காத்து நின்றார். "ஐயா, ஒரு விசயம் கதைக்க வேணும். என்ரை ட்ரக்கைக் கோயிலுக்குக் குடுப்பம் எண்டு யோசிக்கிறன்" என்றார்.

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கோயிலுக்கென்று ஒரு வாகனம் வேண்டும் என்று நிருவாக சபையில் நெடுநாளாகப் பேச்சு இருக்கிறது. ஊரிலிருந்து விக்கிரகமோ, பூசைப் பாத்திரமோ, கருங்கல் வேலையோ வான்கூவர் துறைமுகத்தில் வந்து இறங்கினால், வாடகைக்கு லொறி பிடித்து, றொக்கி மலைகளுக்கு ஊடாக ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் கொண்டுவருகிறோம். இழுவை வண்டியோடு சேர்த்து ஒரு ட்ரக் கிடைத்தால் எவ்வளவு உதவி!

"தம்பி, நல்ல காரியம். ஆனால் அது உமக்கு வேலைக்கு வேண்டாமோ?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தார். "அதிலை பம்பு ஒண்டு இருக்கு ஐயா. அது போகப் போகுதோ எண்டு பயமாய்க் கிடக்கு" என்றார்.

எனக்கு எஞ்சின் விடயம் அதிகம் தெரியாது. அன்பர் சொன்னதையும் பின்னர் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டு அறிந்ததையும் சொல்கிறேன். 1990களில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு என்னைவிட விரைவில் விளங்கும்.

பெற்றோல் எஞ்சினில் பொறி தட்டி எரிபொருள் பற்றுகிறது. டீசல் எஞ்சினில் அந்தப் பொறி இல்லை. காற்றை இறுக்கி இறுக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டுக்குள் டீசலைப் புகைபோலத் தெளித்தால் அது தானே பற்றிக்கொள்ளும். ருடோல்ஃப் டீசல் என்பவர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897இல் இதை ஓட்டிக் காட்டினார். இன்றைய எஞ்சின்களில் அப்படித் தெளிப்பதற்குச் சதுர அங்குலத்துக்கு 29,000 இறாத்தல் அளவிலான அழுத்தம் வேண்டியிருக்கிறது. உங்கள் கார் டயரில் இருக்கும் காற்றைப்போல 800 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அழுத்தத்தைக் கொடுப்பதுதான் அந்தப் பம்பு. ஒரு தேங்காய் அளவுதான் இருக்கும் என்றார் மெக்கானிக்.

அந்தப் பம்புக்குள்ளே இரும்போடு இரும்பு உருளுகிறது. அதற்கென்று தனி எண்ணெய் கிடையாது. உள்ளே வரும் டீசல்தான் எரிபொருளும், அதுதான் மசகும். 2006 தொடக்கம் இந்தக் கண்டத்தில் டீசலிலிருந்து கந்தகத்தை மில்லியனில் 15 பங்குக்கு மேல் இல்லாமல் நீக்கிவிடுகிறார்கள். நாம் மூச்சுவிடும் காற்றுக்கு நல்லது. ஆனால் கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயல்பான வழுவழுப்பும் குறைந்துபோகிறது. அதை ஈடுசெய்ய மருந்து கலக்கிறார்கள். அந்த டீசலோடு கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால், அல்லது காற்று புகுந்தால், இரும்பு இரும்பைத் தேய்க்கத் தொடங்கும். 2011 மாடல் முதல் இங்குள்ள சில ட்ரக்குகளில் வந்த ஒருவகைப் பம்பில் இன்னொரு சங்கடமும் உண்டு. உருளையைத் தாங்கும் பகுதி பக்கவாட்டில் திரும்பிவிட்டால், உருள வேண்டியது உருளாமல் சுரண்ட ஆரம்பித்துவிடும். அப்படிச் சுரண்டிய பொடி டீசலோடு சேர்ந்து குழாய்க்குப் போகும், தெளிக்கும் ஊசிகளுக்குப் போகும், திரும்பும் வழியால் தாங்கிக்கும் போகும். பம்பை மட்டும் மாற்றி விடயத்தை முடிக்க முடியாது. எல்லாவற்றையும் மாற்ற 10,000 டொலரும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். பல வேளைகளில் முன்னறிவிப்பும் இல்லை. நெடுஞ்சாலையில் எஞ்சின் நின்றுவிடும். ஸ்டியரிங் கல்லாய்க் கனக்கும்.

நம் அன்பரோடு வேலை செய்யும் ஒருவருக்குச் சென்ற தை மாதம் இப்படி நடந்திருக்கிறது. அதே வகைப் பம்பு. அன்றிலிருந்து இவருடைய காது கூர்மையாகிவிட்டது. காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடிக்க எத்தனை செக்கன் ஆகிறது என்று எண்ணுவாராம். பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து, டோர்ச் வெளிச்சத்தில் ஏதாவது மின்னுகிறதா என்று பார்ப்பாராம். மின்னியதுபோலவும் இருக்கும், இல்லாததுபோலவும் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு எழும்பி உட்கார்ந்துவிடுவார். வீட்டில் மிக்சி போட்டாலும் அதில் பம்பின் சத்தம் கேட்டதாம். இதை அவர் சொன்னபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வாகன பூசை செய்தால் தாங்குமோ என்றும் கேட்டார். ஐயர் எலுமிச்சம்பழத்தை டயருக்குக் கீழே வைப்பது உத்தரவாதப் பத்திரம் தருவதற்கு அல்ல என்று சொன்னேன். பூசை செய்யட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பூசையைப் பம்புக்கு மருந்தாக்கக் கூடாது.

பிறகு நான் கேட்டேன்: "மெக்கானிக்கிடம் காட்டினீரோ?"

"இல்லை ஐயா."

"ஏன்?"

பதில் வரவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சப்பாத்தைத் தேடிக்கொண்டு எங்கள் காலுக்கிடையில் ஓடினார்கள். கடைசியில் சொன்னார்: "காட்டி, பழுது எண்டு சொல்லிப்போட்டினமெண்டால் பிறகு விக்கேலாது. சொல்லாமல் விக்க மனம் வராது. தெரியாமல் இருந்தால்..."

"தெரியாமல் இருந்தால்?"

"தெரியாமல் குடுத்த மாதிரி ஐயா."

அடியார்களே, அந்த இடத்தில் நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அந்த ட்ரக் வேண்டும்போல இருந்தது. 'ஒருவேளை பம்பு நன்றாகத்தான் இருக்கும். அவர் ஏதோ மனக்கலக்கத்தில் சொல்கிறார். இந்தப் பேச்சைக் கேளாததுபோல விட்டுவிட்டு வாங்கி வைத்துவிடு' என்று எனக்குள்ளும் ஒன்று சொல்லிற்று. கோயிலுக்குத்தானே என்று வேறு அது நியாயம் சொல்லிற்று.

இப்போது உபநிடதத்துக்கு வருகிறேன்.

வாஜசிரவஸ் என்று ஒருவர். தம்மிடம் உள்ள அனைத்தையும் கொடுத்துவிட வேண்டிய ஒரு பெரும் வேள்வியைச் செய்கிறார். தட்சிணையாகப் பசுக்களை ஓட்டி வருகிறார்கள். அவருடைய மகன் நசிகேதன், சிறு பையன், நின்று பார்க்கிறான். அவை குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்து முடித்துவிட்ட பசுக்கள். தின்ன வேண்டிய புல்லைத் தின்று, கறக்க வேண்டிய பாலையும் கறந்து முடித்துவிட்ட பசுக்கள். இனிக் கன்று ஈனாதவை. இப்படிக் கொடுப்பவர்கள் இன்பமில்லாத உலகத்துக்கு அல்லவா போவார்கள் என்று பிள்ளைக்குக் கவலை பிடித்துவிட்டது. அப்பாவின் அருகில் போய், "என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டான். ஒருமுறை அல்ல, மூன்று முறை. பொறுக்க முடியாமல் தகப்பன், "உன்னை எமனுக்குக் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

ஏன் அவருக்கு அவ்வளவு கோபம்? சபையில் பிள்ளை குறுக்கே பேசிவிட்டான் என்று பலர் விளக்கம் சொல்வார்கள். அடியேனுக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை. அந்தப் பசுக்கள் எப்படிப்பட்டவை என்று அவருக்கே தெரியும். தெரிந்ததைப் பார்க்காமல் இருக்க அவர் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வேளையில் ஒரு பிள்ளை வந்து அதையே பார்க்கிறான்.

கிழட்டுப் பசுவைக் கொடுக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். பழையதைக் கொடுப்பது குற்றமல்ல. நம் களஞ்சிய அறைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஓடாத மைக்ரோவேவ் மூன்று, ஒரு பக்கம் மட்டும் பாடும் ஒலிபெருக்கி, மூடி இல்லாத குளிரூட்டி எல்லாம் கோயிலுக்கு அன்பளிப்பு என்ற பெயரில் வந்து குந்தியிருக்கின்றன. எறிவதற்கு மாநகரசபை பணம் கேட்கும், கோயில் கேட்காது. அதேவேளை ஓர் அம்மா, தம்முடைய பழைய தையல் மெசினைக் கொண்டுவந்து, "இதன் ஊசி சிலநேரம் சிக்கும், திருத்திப்போட்டுப் பாவியுங்கோ" என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார். சுவாமியின் திரைச்சீலைகள் இன்றைக்கும் அதிலேதான் தைக்கப்படுகின்றன. அது பழையதுதான், பழுதும் இருந்தது. ஆனாலும் அது தானம்.

இந்தக் கதையைப் பாதணி இடத்தில் நின்றபடியே அன்பருக்குச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றவர், மெல்லச் சொன்னார்: "என்ரை மகனும் கேட்டவன் ஐயா. சாப்பிடேக்கை, கோயிலுக்கு ட்ரக்கைக் குடுக்கப் போறன் எண்டு சொன்னன். 'கோயிலிலை அதை ஆர் ஓட்டுவினம் அப்பா?' எண்டு கேட்டான். பேசாமல் சாப்பிடு எண்டு ஏசிப்போட்டன்."

ஆர் ஓட்டுவார்கள்? நீங்களே சொல்லுங்கள். நம் தொண்டர் அணியில் உள்ள பல்கலைக்கழகப் பிள்ளைகள்தான் ஓட்டுவார்கள். அந்தப் பையனுக்குத் தமிழ்ப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கும் அண்ணாவும் அதில் ஒருவர். பின்னால் இரண்டு தொன் கருங்கல்லோடு, மலையிறக்கத்தில், பனியில், எஞ்சின் நின்று ஸ்டியரிங் கனத்தால் கைபிடிக்கப் போகிறவர் அவர்.

நம் சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்தை இருள் என்று சொல்கிறோம். உமாபதி சிவாச்சாரியார் திருவருட்பயனில் இதற்கென்று ஓர் அதிகாரமே வைத்து, ஒரு வேறுபாட்டை எடுத்துக் காட்டுகிறார். சாதாரண இருட்டு மற்றப் பொருள்களை மறைத்தாலும் தன்னை மறைப்பதில்லை. அறைக்குள் நுழைந்தவுடன் 'இருட்டாக இருக்கிறது' என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆணவம் மற்றதையும் மறைக்கும், தன்னையும் மறைத்துக்கொள்ளும். இதை நான் எத்தனையோ வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாதணி இடத்தில்தான் ஓரளவு விளங்கிற்று என்று சொல்லலாம். அந்த அன்பர் பம்பைப் பற்றி ஒவ்வொரு நாளும் யோசித்தார், ஒவ்வொரு இரவும் விழித்தார். பம்பைப் பற்றித் தாம் ஏதோ செய்துகொண்டிருப்பதாகவே அவருக்குத் தோன்றியது. உண்மையில் அவர் பம்பைப் பார்க்கவே இல்லை. அந்தக் கவலையே ஒரு திரைச்சீலை. வாங்க ஆசைப்பட்ட எனக்கும் ஒரு திரை இருந்தது, அது கோயில் என்ற பெயரில் தொங்கியது.

நாலு நாளில் அவர் ட்ரக்கைக் கராஜுக்குக் கொண்டுபோனார். மெக்கானிக் முதலில் வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொடுத்து, உற்பத்தியாளர் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்த பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தார். 2021இல் ஒரு நிறுவனம், இவ்வகைப் பம்பு பூட்டிய தன் 2019, 2020 மாடல் ட்ரக்குகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றை அமெரிக்காவில் திரும்ப அழைத்து, வேறு வகைப் பம்பு பூட்டிக் கொடுத்தது. அன்பருடைய வண்டி அதில் இல்லை, எந்தப் பட்டியலிலும் இல்லை. டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். காசு கேட்பதில்லை.

பிறகு பம்பில் உள்ள ஒரு சிறு வால்வைக் கழற்றி, அதன் வலையில் உலோகப் பொடி தங்கியிருக்கிறதா என்று பார்த்தார். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். ஒரு காலைப் பொழுது என்றார் அன்பர். அதைப் பார்க்காமல் இருக்கத்தான் அத்தனை இரவு!

வலை சுத்தமாக இருந்தது.

"அப்ப பயமில்லையோ?" என்று அன்பர் கேட்டிருக்கிறார். மெக்கானிக் நேர்மையான மனிதர். "இன்றைக்குச் சுத்தம். நாளைக்கு எப்படி என்று நான் சொல்ல முடியாது" என்றாராம். இரண்டு வழி காட்டினார். இந்தப் பம்பைக் கழற்றிவிட்டு முன்பு பாவித்த மூன்று பிஸ்டன் வகைப் பம்பைப் பூட்டலாம். அல்லது பம்பு உடைந்தாலும் பொடி ஊசிகளுக்குப் போகாமல் திருப்பிவிடும் குழாய் அமைப்பு ஒன்றைப் பூட்டலாம். அன்பர் இரண்டாவதைத் தேர்ந்தார். முதலாவதுக்குக் கையில் காசு போதவில்லை. ஃபில்டரைத் தவணை தவறாமல் மாற்ற வேண்டும், அடியில் சேரும் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும், கண்ட கண்ட பரலில் டீசல் அடிக்கக் கூடாது. அவ்வளவுதான் மனிதனால் செய்யக்கூடியது.

அதற்குமேல் மிஞ்சியிருப்பது ஒன்று உண்டல்லவா, அந்த 'நாளைக்கு எப்படி' என்பது? அதைத் தாராளமாகச் சுவாமியின் திருவடியில் வைக்கலாம். அதை வைப்பதற்குத்தான் கோயில். அன்பர் முதல்நாள் கொண்டுவந்தது அந்த மிச்சத்தை அல்ல. தாம் செய்ய வேண்டிய பங்கையும் சேர்த்து, சாவியோடு கொண்டுவந்தார்.

பின்னர் அவர் நிருவாக சபைக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். எங்கள் சபையில் எதுவும் அரைமணியில் முடிவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பார்த்து, சுத்தம் என்று சொல்லியாயிற்று, வாங்கலாம் என்றார்கள் சிலர். வரி ரசீது எந்த விலைக்கு எழுதுவது என்று பொருளாளர் கேட்டார். பதிவுசெய்த அறநிலையம் பொருளாக வாங்கினால் நியாயமான சந்தை விலைக்குத்தான் ரசீது கொடுக்கலாம். இந்தப் பம்புள்ள வண்டிக்கு, இந்தப் பேச்சைக் கேட்டபின், சந்தையில் என்ன விலை கொடுப்பார்கள்? நியாயமான கேள்வி. கடைசியில், பிள்ளைகளை அதில் மார்கழியில் மலைக்கு அனுப்ப எங்களுக்கு மனம் இல்லை என்று சபை முடிவு செய்தது. ட்ரக்கை வாங்கவில்லை.

சென்ற மாதம் துறைமுகத்தில் நம் நவக்கிரக பீடத்துக்குரிய கற்கள் வந்து இறங்கின. அன்பர் தம்முடைய ட்ரக்கில் தாமே போய் எடுத்துவந்தார். வெயில் காலம், பகல் ஓட்டம், பக்கத்தில் மகன். நீங்கள் வெளிவீதியில் பார்க்கிற அந்தக் கற்கள்தான்.

நசிகேதன் எமன் வீட்டு வாசலில் மூன்று இரவு உணவில்லாமல் காத்திருந்தான். திரும்பிவந்த எமன், விருந்தினனைக் காக்க வைத்த குற்றத்துக்காக மூன்று வரம் தருவதாகச் சொன்னான். மூன்றாவது வரத்தைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள், இறந்தபின் என்ன என்ற கேள்வி. முதல் வரத்தை விரைவாகக் கடந்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை முதலில் கேட்டது என்ன தெரியுமா? தன் தகப்பனுக்குக் கவலை தீர வேண்டும், கோபம் ஆற வேண்டும், தான் திரும்பிப் போகும்போது தன்னை அறிந்து அன்போடு பேச வேண்டும். தந்தேன், இனி இரவுகளில் உன் தகப்பன் சுகமாக உறங்குவான் என்றான் எமன்.

அன்பரிடம், இப்போது நித்திரை வருகிறதா என்று கேட்டேன். "பம்பு நாளைக்கு நிண்டாலும் நிக்கும் ஐயா. ஆனால் படுத்தவுடனே வருது" என்றார்.

இதே உபநிடதத்தில் உடம்பைத் தேராகவும் புத்தியைச் சாரதியாகவும் சொல்லும் இடம் ஒன்று வருகிறது. ட்ரக் கதை சொன்ன கையோடு அதையும் சொல்ல ஆசைதான். ஆனால் மணி ஒன்பது ஆகிறது, மடைப்பள்ளியில் இருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்கள். இரண்டாவது வரத்தோடு அடுத்த வெள்ளிக்கிழமை தொடர்வோம். கடோபநிடதத்துக்குத் தமிழ் உரை வீட்டில் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். பிள்ளைகளும் வரட்டும், கேள்வி கேட்டால் ஏசமாட்டேன்.

திருச்சிற்றம்பலம்.